கவையின் எடை

மீன் நிறுக்கும் தராசில்தான் நிறுத்தேன்.
கொட்பே ஐஸ் ஆலையில் கணக்கெழுதுகிறவளுக்கு
வேலை முடிந்த தராசு கிடைப்பது கடினமில்லை.
தட்டில் காய்ந்து கிடந்த சூடைச் செதிலை
நகத்தால் சுரண்டிவிட்டு வைத்தேன்.
இரும்புக் கவை ஒரு கிலோ நூறு.
காற்றுக் கவை ஒன்று எழுநூறு.
சுருள்வில் கவையை வைத்ததும்
முள் ஓடிப்போய் இரண்டரையைத் தாண்டி நின்றது.
"நல்ல விளைமீன்," என்றார் காவலாளி பியதாச,
தமிழில்.

போக வேண்டியது பருத்தித்துறை மட்டும்,
பிறகு மேற்கால் இறங்கி மன்னார்.
கார்ப்பெட் ரோட்டில் அல்ல,
கிறவலில்.
லொறிகள் மடித்து மடித்து
தகரக்கூரையைப் படுக்கப் போட்டதுபோல் ஆக்கிவைத்த
கிறவலில், பதினொரு நாள்.

என் வலது மணிக்கட்டுக்குள்
ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன.
மட்டிக்களியில் ஓர் ஆட்டோ தந்தது.
மாரி வருவதை
வானிலைக்காரருக்கு முன்னமே அது சொல்லும்.

ஹில்மி ஃபோர்க் என்பார். நான் கவை என்பேன்.
மூன்றையும் இரவல் தந்தவர் அவர்.
"காத்து எண்டா சொகுசுதான் தங்கச்சி,
ஆனா உப்புக் காத்து சீலைத் திண்டு போடும்.
ஸ்பிரிங்குக்குத் துரு ஒண்டுதான் எதிரி.
துருவுக்குக் கிரீஸ் இரிக்கி."
இரும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அதில் பழுதுபார்க்க எதுவுமில்லை,
அவருக்கு அதில் என்ன பேச்சு?

மூன்று ஞாயிறு.
குச்சவெளிக்கு அப்பால் ஒரே பாதை, ஒரே ஆறு கிலோமீற்றர்,
முடிவில் முனாஸின் கடையில்
விளிம்புவரை ஊற்றிய ஒரு பிளேன்ரீ.
வலது கையால் தூக்க வேண்டும்.
அதுதான் சோதனை.

இரும்பில் போன நாள்
தேநீரில் பாதி மேசை குடித்தது.
இத்தனைக்கும் எனக்கு இரும்பைப் பிடிக்கும்.
அதன் இரு காலிலும் துளைகள் உண்டு,
மூன்று லீற்றர் தண்ணீர் கட்டலாம்.
கொக்கிளாய்ப் பக்கத்து நண்பகலில்
மூன்று லீற்றர் என்பது சின்ன விஷயமா?
கட்டலாம்தான்.
பிரேக்கைப் பிடிக்கப் போன விரல்கள்
பாதி வழியிலேயே எதற்கு வந்தோமென்று மறந்தன.

காற்றில் போன நாள்,
சத்தியமாக, ஒரு துளி சிந்தவில்லை.
குழிகள் இருந்ததை
கவைக் காலில் ஏறியிறங்கிய தூசி வளையத்தைப் பார்த்துத்தான்
அறிந்துகொண்டேன்.
ஹில்மிக்குப் போன் எடுத்து "இதுதான்" என்றேன்.
மறுநாள் காலை, உப்புவெளியில், வீட்டு விறாந்தையில்
சைக்கிள் முன்னால் குனிந்து நின்றது.
இரண்டு விரற்கடை.
யாரும் ஏறவில்லை, யாரும் தொடவில்லை.
இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறது.
பம்ப் கொண்டுபோகலாம்.
சீல் கொண்டுபோகலாம்.
சந்தேகத்தை எந்தப் பையில் வைப்பது?

சுருள்வில் கிழட்டு வாத்துபோல் கத்தியது.
ஏற்றத்தில் நான் மிதித்ததில் கொஞ்சத்தை
வட்டிபோல் எடுத்துக்கொண்டது.
மணல் வந்த இடத்தில் மூக்கைக் குத்தியது.
பிளேன்ரீ நடுங்கியது;
சாசரில் நாலு துளி.
குடித்தேன்.
விரல்கள் பத்தும் தங்கள் பெயரை நினைவில் வைத்திருந்தன.

அப்படித்தான் முடிவானது. பெரிய ஞானமெல்லாம் இல்லை.

இரும்பைவிட ஒன்றரைக் கிலோ அதிகம்.
அதை வேறெங்காவது கழிக்க வேண்டும்,
கணக்குக்காரி அல்லவா.
இரண்டாவது சட்டி, ஜீன்ஸ்,
வாசிக்கப்போவதாக நான் நம்பிய தடித்த நாவல்.
இன்னும் இருநூறு கிராம் இடித்தது.
கண்ணாடிமுன் நின்று
பின்னலைக் கழுத்தோடு வெட்டினேன்.
கொண்டுபோய்த் தட்டில் வைத்தால்
பியதாச எட்டிப் பார்க்கிறார்,
நானும் குனிந்து பார்க்கிறேன்.

மீன் தராசின் முள்
அசையவேயில்லை.